தழும்பைச் சுற்றி முடி ஏன் இன்னும் வளரவில்லை?

கேள்வி: எனக்கு வயது 34. முன்நெற்றி வழுக்கைக்காக ஐந்து மாதங்களுக்கு முன்பு முடி மாற்று அறுவைசிகிச்சை செய்துகொண்டேன். பின்தலையில் காது முதல் காது வரை தோலைக் கீற்றாக வெட்டியெடுத்துத் தைத்தார்கள். 12ஆம் நாள் தையல் பிரித்தார்கள். புண்ணோ சீழோ வரவில்லை. ஆனால் நான்காவது வாரத்தில் தழும்புக்கு மேலும் கீழும் முடி கொட்டத் தொடங்கியது. வலது காதுக்குப் பின்னால் இரண்டு விரல் அகலத்துக்கு வெறுமையாகிவிட்டது. முன்னால் நட்ட முடி முளைத்து வருகிறது. பின்னால் இருந்த முடிதான் திரும்பவில்லை. தொட்டால் அந்த இடம் மரத்தும் இருக்கிறது. தழும்பை வெட்டியெடுத்து மறுபடி தைத்துக்கொள் என்கிறார் ஒரு நண்பர். இருந்ததையும் இழந்துவிட்டேனோ என்று இரவில் தூக்கம் வருவதில்லை. அந்த முடி திரும்ப வளருமா? – பெயர் வெளியிட விரும்பாத வாசகர்.

பதில்: நீங்கள் எழுதியிருப்பதை வைத்துப் பார்த்தால், அந்த முடியில் பெரும்பகுதி திரும்பிவரும் என்றே நான் நம்புகிறேன். வெறும் ஆறுதலுக்காக இதைச் சொல்லவில்லை. உங்களுக்கு முடி கொட்டியது நான்காவது வாரத்தில். தழும்பின் இரு பக்கமும் சேர்ந்தாற்போல் கொட்டியிருக்கிறது. சீழ் பிடிக்கவில்லை, தோல் கறுத்து அழுகவில்லை. இவை மூன்றும், மயிர்க்கால்கள் அழிந்துவிடவில்லை, அதிர்ச்சியில் ஓய்வுக்குப் போயிருக்கின்றன என்பதற்கான அடையாளங்கள். மருத்துவர்கள் இதை ‘ஷாக் லாஸ்’ என்பார்கள். நட்ட இடத்தில் இது வரலாம் என்பதை அறுவைசிகிச்சைக்கு முன்பே எல்லோரிடமும் சொல்லிவிடுகிறார்கள். முடி எடுத்த இடத்திலும் வரலாம் என்பதைப் பலரிடம் சொல்வதில்லை. உங்கள் தூக்கம் கெட்டதற்கு அந்த மௌனமும் ஒரு காரணம் என்று நினைக்கிறேன்.

தலைமுடி ஒவ்வொன்றுக்கும் ஒரு சுழற்சி உண்டு. இரண்டு முதல் ஆறு ஆண்டுகள் வளரும். பிறகு இரண்டு மூன்று வாரங்களில் சுருங்கி, ஏறக்குறைய மூன்று மாதம் ஓய்வெடுக்கும். அதன் பிறகுதான் அதே மயிர்க்காலிலிருந்து புதிய முடி கிளம்பும். தோலை வெட்டி, இழுத்து, தைக்கும்போது தழும்பை ஒட்டியுள்ள மயிர்க்கால்களுக்குப் போகும் இரத்தம் சில காலம் குறைகிறது; வீக்கமும் சேர்ந்துகொள்கிறது. இந்த நெருக்கடியில், வளர்ந்துகொண்டிருந்த மயிர்க்கால்கள் ஒரே சமயத்தில் ஓய்வுக்குப் போய்விடுகின்றன. சாதாரண நாட்களில் அங்கொன்றும் இங்கொன்றுமாக உதிர்வதால் நம் கண்ணில் படாத முடி, இப்போது மொத்தமாக உதிர்வதால் திட்டாகத் தெரிகிறது.

இனி மாதக் கணக்குக்கு வருவோம். நான்காவது வாரத்தில் கொட்டிய முடிக்கு மூன்று மாத ஓய்வைக் கூட்டினால், புதிய முடி தோலுக்கு மேல் எட்டிப் பார்க்கவே நான்காவது மாதம் முடிந்துவிடும். தலைமுடி மாதத்துக்கு ஏறக்குறைய ஒரு சென்டிமீட்டர்தான் வளரும். ஆகவே, எல்லாம் ஒழுங்காக நடந்திருந்தாலும் இன்று உங்கள் தழும்போரத்தில் ஒரு சென்டிமீட்டருக்கு உட்பட்ட, மெல்லிய, நிறம் வெளிறிய முடிதான் இருக்க முடியும். அதைச் சுற்றியுள்ள நீண்ட, கருமையான முடிக்கு நடுவே அது கண்ணாடியில் தெரியவே தெரியாது. அது தடித்து, கருத்து, பக்கத்து முடியோடு கலந்து நிற்க எட்டு, ஒன்பது மாதங்கள் ஆகலாம். சிலருக்கு ஓராண்டும் ஆவதுண்டு.

அப்படியானால் முன்னால் மட்டும் எப்படி முளைக்கிறது என்று கேட்பீர்கள். முன்னால் நட்ட ஒவ்வொரு மயிர்க்காலும் ஊசிமுனை அளவுள்ள துளையில் உட்கார்ந்திருக்கிறது. அதைச் சுற்றியுள்ள தோல் இழுபடாமல், இரத்த ஓட்டம் கெடாமல் இருக்கிறது. பின்னாலோ, ஒரு சென்டிமீட்டருக்கு மேல் அகலமான தோலை எடுத்துவிட்டு, இரண்டு ஓரங்களையும் இழுத்துச் சேர்த்திருக்கிறார்கள். அந்த இழுவிசை தையல் பிரித்த அன்றோடு தீர்ந்துவிடுவதில்லை. தோல் நெகிழ்ந்து கொடுக்க மாதக்கணக்கில் ஆகும். காதுக்குப் பின்னால் இருக்கும் எலும்பு மேட்டின் மேல் தோல் இயல்பாகவே இறுக்கமானது, அதிகம் நெகிழாதது. உங்களுக்கு அந்த இடத்தில் திட்டு பெரிதாக இருப்பதில் வியப்பில்லை.

நாற்காலியைச் சன்னலோரம் போட்டு, வெளிச்சம் தலைக்குப் பக்கவாட்டில் விழும்படி உட்காருங்கள். நம்பிக்கையான ஒருவரைத் தழும்போரத்து முடியைச் சீப்பால் ஒதுக்கச் சொல்லி, கைப்பேசியில் மிக நெருங்கி ஒரு படம் எடுக்கச் சொல்லுங்கள். படத்தைப் பெரிதாக்கிப் பாருங்கள். தோலில் சின்னச் சின்னப் புள்ளிகளாகத் துளைகள் தெரிகின்றனவா? அந்தத் துளை இருந்தால் அதன் அடியில் மயிர்க்கால் இருக்கிறது. அடுத்து, குட்டை முடி ஏதேனும் தெரிந்தால் அதன் நுனியைக் கவனியுங்கள். கத்தரி பட்ட முடியின் நுனி மொட்டையாக இருக்கும். புதிதாக முளைத்த முடியின் நுனி சீவிய பென்சில் போலக் கூர்ந்திருக்கும். கூர்நுனிகள் பத்துப் பன்னிரண்டு தெரிந்தால்கூடப் போதும், மீட்சி தொடங்கிவிட்டது என்று கொள்ளலாம். மாறாக, துளையே இல்லாமல் தோல் மழமழவென்று, பளபளப்பாக, வெளுத்து இருந்தால் அது தழும்புத் திசு. அங்கே தானாக முடி வராது. கண்ணால் முடிவு செய்ய முடியாதபோது தோல் மருத்துவர் ‘டெர்மாஸ்கோப்’ என்ற உருப்பெருக்கிக் கருவியை வைத்து, வலியில்லாமல், சில நிமிடங்களில் இதைச் சொல்லிவிடுவார். நீங்கள் அதைச் செய்துகொள்ள வேண்டும் என்பதே என் விருப்பம். உங்கள் பயத்துக்கு இதைவிட நேரடியான மருந்து வேறில்லை.

இங்கே ஒன்றைப் பிரித்துப் புரிந்துகொள்ளுங்கள். தழும்பைச் சுற்றியுள்ள இடம் வேறு, தழும்பின் கோடு வேறு. சுற்றியுள்ள முடி திரும்பிவரும். ஆனால் நடுவில் இருக்கும் கோட்டில் பொதுவாக முடி இருக்காது. சில மருத்துவர்கள் தைக்கும்போது ஒரு பக்கத்துத் தோலின் விளிம்பை மெல்லியதாகச் சீவிவிட்டு மூடுவார்கள். அப்படிச் செய்திருந்தால் அடியில் உள்ள முடி தழும்பைத் துளைத்துக்கொண்டு வெளியே வந்து, கோட்டை ஓரளவு மறைக்கும். உங்களுக்கு எந்த முறையில் மூடினார்கள் என்பதை அறுவைசிகிச்சைக் குறிப்பின் நகலைக் கேட்டு வாங்கித் தெரிந்துகொள்ளுங்கள். கத்தி சாய்வாகப் பாய்ந்து மயிர்க்கால்களை அறுத்திருந்தாலோ, இறுக்கம் தாங்காமல் ஓரத்துத் தோல் செத்துப்போயிருந்தாலோ அந்த அளவுக்கு இழப்பு நிலைத்துவிடும் என்பதையும் மறைக்காமல் சொல்ல வேண்டும். ஆனால் தோல் செத்திருந்தால் முதல் சில வாரங்களிலேயே கறுத்த பொருக்கும் ஆறாத புண்ணும் வந்திருக்கும். உங்களுக்கு அப்படி எதுவும் வரவில்லை.

உங்கள் நண்பர் சொன்ன யோசனையை இப்போது ஏற்க வேண்டாம். அவர் நல்லெண்ணத்தில்தான் சொல்லியிருப்பார். ஆனால் ஐந்தாவது மாதத்தில் தழும்பை வெட்டுவது, உறங்கிக்கொண்டிருக்கும் மயிர்க்கால்களையும் சேர்த்து வெட்டி எறிவதாகிவிடும். தோல் ஏற்கெனவே இழுபட்டிருக்கிறது. மறுபடி இழுத்துத் தைத்தால் தழும்பு முன்னைவிட அகலமாகவும் கூடும். தழும்பு முதிர்ந்து, சிவப்பு வடிந்து, மென்மையாகி ஒரு நிலைக்கு வர ஓராண்டாவது ஆகும். அது எவ்வளவு முதிர்ந்தாலும் பழைய தோலின் வலிமையில் ஏறக்குறைய 80 சதவீதத்துக்கு மேல் பெறுவதில்லை. பன்னிரண்டு மாதம் முடியும் வரை அந்த இடத்தில் கத்தி படக்கூடாது என்பதில் உறுதியாக இருங்கள்.

மருந்துகளைப் பற்றிச் சுருக்கமாகச் சொல்கிறேன். மினாக்ஸிடில் திரவத்தை, புண் முழுவதும் ஆறிய தோலில், மருத்துவரின் ஒப்புதலோடு தடவிப் பார்க்கலாம். இந்த வகை உதிர்வில் அது நிச்சயம் பலன் தரும் என்று உறுதி சொல்ல முடியாது. தொடங்கிய முதல் வாரங்களில் கொஞ்சம் முடி கூடுதலாக உதிரவும் செய்யும், அதைக் கண்டு மிரள வேண்டாம். ஃபினாஸ்டரைடு மாத்திரை பரம்பரை வழுக்கைக்கானது. தழும்போரத்து உதிர்வுக்கு அது மருந்தல்ல. ஆனால் மற்ற முடியைக் காப்பதற்காக உங்களுக்கு எழுதிக்கொடுத்திருந்தால் கேட்காமல் நிறுத்திவிடாதீர்கள். பயோட்டின் குறைபாடு இல்லாதவருக்கு பயோட்டின் மாத்திரையால் பயன் இல்லை. தைராய்டு பரிசோதனையின் முடிவுகளை அது குழப்பியும் விடும். அதற்குச் செலவிடுவதற்குப் பதிலாக இரும்புச்சத்து, தைராய்டு இரண்டையும் ஒருமுறை இரத்தத்தில் பார்த்துக்கொள்ளுங்கள். அவற்றில் குறை இருந்தால் முளைக்க வேண்டிய முடி தாமதமாகும். புகைபிடிக்கும் பழக்கம் இருந்தால், இதைக் கெஞ்சிக் கேட்டுக்கொள்கிறேன், விட்டுவிடுங்கள். ஏற்கெனவே குறைந்திருக்கும் இரத்த ஓட்டத்தை நிக்கோடின் மேலும் சுருக்குகிறது.

மரத்திருப்பது வேறு கணக்கு. வெட்டும்போது தோலின் நுண்நரம்புகள் அறுபடுகின்றன. அவை மீண்டும் வளர ஆறு மாதம் முதல் ஓராண்டு ஆகலாம். இடையில் ஊசி குத்துவது போலவும் அரிப்பு போலவும் தோன்றினால் அது நரம்பு விழித்துக்கொள்வதன் அறிகுறி. உணர்ச்சி முழுதாகத் திரும்பும் வரை அந்த இடத்தில் முடி உலர்த்தும் கருவியின் சூட்டைக் காட்டாதீர்கள்; சுட்டாலும் உங்களுக்குத் தெரியாது.

தழும்போரத்தில் சீழ்க்கொப்புளங்கள் தோன்றினாலோ, வலி கூடிக்கொண்டே போனாலோ, தழும்பு தடித்துப் புடைத்தாலோ, வெறுமையான இடம் தழும்பைவிட்டு விலகி வேறு பக்கங்களுக்குப் பரவினாலோ காத்திருக்க வேண்டாம். அந்த வாரமே மருத்துவரைப் பாருங்கள்.

பன்னிரண்டு மாதம் கழித்தும் வெற்றிடம் மிஞ்சினால் வழிகள் உண்டு. உடலின் வேறிடத்திலிருந்து ஒவ்வொரு மயிர்க்காலாக எடுத்துத் தழும்பிலேயே நடலாம். தழும்புத் திசுவில் இரத்த ஓட்டம் குறைவு என்பதால் நெருக்கமாக நடாமல் இரண்டு தவணையாக நடுவார்கள். முடிப்புள்ளிகள் போலத் தோன்றும்படி நிறமி குத்தியும் மறைக்கலாம். தோல் நன்றாக நெகிழ்ந்துகொடுத்தால் மட்டுமே மறுதையலைப் பற்றி யோசிக்கலாம்.

அதுவரை மாதம் ஒருமுறை, அதே சன்னலோரத்தில், அதே தூரத்தில் ஒரே ஒரு படம் எடுத்து வையுங்கள். தினமும் கண்ணாடியில் பார்ப்பவருக்கு வளர்ச்சி தெரியாது. முடி வெட்டுபவரிடம் பின்தலையில் மெஷின் போட வேண்டாம், கத்தரியால் நான்கு சென்டிமீட்டருக்குக் குறையாமல் விடுங்கள் என்று சொல்லிவிடுங்கள். அந்த நீளமே இப்போதைக்குத் திட்டை மூடிவிடும்.