நாக்பூர் நத்தைக் கல்: லிம்னியாவா, ஃபைசாவா?

காட்பாடி நண்பருக்கு வணக்கம். ரயில்வேயில் பணியாற்றிய உங்கள் தாத்தா நாக்பூரிலிருந்து கொண்டுவந்த கல்லில் பதிந்துள்ள நத்தையை, கல்லூரிக் கண்காட்சி அட்டையில் லிம்னியா என்று எழுதுவதா, ஃபைசா என்று எழுதுவதா எனக் கேட்டிருந்தீர்கள். இரண்டும் நன்னீர் நத்தைப் பேரினங்கள்.

கூர்முனை மேலேயும் வாய் உங்களை நோக்கியும் இருக்கும்படி பிடித்தால், உங்கள் படத்தில் வாய் இடப்பக்கம் வருகிறது. லிம்னியாவுக்கு அது வலப்பக்கம் வரவேண்டும்; இடப்பக்கம் வருவது இடச்சுற்று, அது ஃபைசாவின் அடையாளம். செல்ஃபி கேமராவில் எடுத்த படமென்றால் இடவலம் மாறியிருக்கக்கூடும், ஆகவே கல்லையே பார்த்து உறுதிசெய்யுங்கள். நம் ஏரிக்கரையில் கிடக்கும் பெரிய ஆப்பிள் நத்தையின் ஓட்டைப் பக்கத்தில் வைத்தால், அது வலமாகச் சுற்றியிருப்பதால், வேறுபாடு உடனே தெரியும்.

தக்காண எரிமலைப் பாறை அடுக்குகளுக்கு இடையே, ஏறத்தாழ 6.6 கோடி ஆண்டுகளுக்கு முந்தைய நன்னீர்ப் படிவுகளில் கிடைக்கும் இத்தகைய இடச்சுற்று நத்தைக்கு 1840-இல் ஆங்கிலேய இயற்கையியலாளர் சவர்பி ஃபைசா பிரின்செபி என்று பெயரிட்டார். நாக்பூரில் வாழ்ந்த பாதிரியார் ஸ்டீபன் ஹிஸ்லாப் 1860-இல் அங்குள்ள நத்தைகள் பலவற்றை விவரித்தார். பிற்கால ஆய்வாளர்கள் ஃபைசா பிரின்செபியைப் பிளாட்டிஃபைசா என்னும் அற்றுப்போன பேரினத்தில் வைத்தனர். ஃபைசா அடங்கிய ஃபைசிடே குடும்பத்தின் உயிருள்ள நத்தைகளைப் பிரிக்க உதவும் இனப்பெருக்க உறுப்புகள் கல்லில் எஞ்சுவதில்லை. ஓட்டின் வடிவத்தைக் கொண்டே முடிவெடுக்க வேண்டியிருப்பதுதான் இந்தப் பெயர்மாற்றங்களுக்குக் காரணம்.

அட்டையில் "ஃபைசிடே குடும்பம்; பிளாட்டிஃபைசா பிரின்செபி (முன்னர் ஃபைசா) ஆகலாம்" என்று எழுதுங்கள். கிடைத்த இடம் நாக்பூர் என்பதையும் விடாதீர்கள். வேலூர் மலைகளின் உருமாறிய பாறைகளில் இது கிடைத்ததாக யாரும் எண்ணிவிடக் கூடாது.