பழைய கடைவீட்டுக் கூரையில் கயிற்றை எங்கே கட்டுவது?

வணக்கம் ஐயா. பினாங்கு ஜார்ஜ் டவுனில், கீழே கடையும் மேலே வீடுமான கடைவீடொன்றில் உங்கள் தன்னார்வத் தீயணைப்புக் குழு கயிற்றில் இறங்கும் பயிற்சி செய்யவிருப்பதாகவும், கூரையில் கைப்பிடிச் சுவரையும் தண்ணீர்த் தொட்டியின் இரும்புத் தாங்கியையும் தவிரக் கயிறு கட்ட வேறு இடமில்லை என்றும் எழுதியிருந்தீர்கள். இரண்டையும் விட்டுவிடுங்கள். இரண்டாம் உலகப் போருக்கு முந்திய கடைவீடுகளின் கைப்பிடிச் சுவர் பெரும்பாலும் செங்கல்லும் சுண்ணாம்புச் சாந்தும்தான். மேலிருந்து அழுத்தும் பாரத்தைத் தாங்கும் அச்சுவர், வெளிப்புறமாக இழுபட்டால் பெயர்ந்து, தொங்குபவரின் தலையிலேயே விழக்கூடும்.

பின்சந்துக்குள் வண்டி நுழையுமானால், கயிற்றை முகட்டுக்கு மேலாக அந்தப் பக்கம் இறக்கி, வண்டியின் சேஸியில், அதாவது அடிச்சட்டத்தில், கட்டுவதே எனக்குச் சரியாகப் படுகிறது. சக்கரங்களுக்குக் கட்டை வைத்து, சாவியைப் பொறுப்பாளர் தம் சட்டைப்பையில் போட்டுக்கொள்ள வேண்டும். யாரோ வண்டியை நகர்த்திவிடும் ஆபத்து கற்பனையன்று. கயிற்றின் நீளம் கூடக் கூட, பாரத்தில் அது இழுபட்டு நீள்வதும் கூடும் என்பதால், குறைவாக நீளும் கயிற்றையே எடுத்து, ஆள் விளிம்பைத் தாண்டுமுன் அதை நன்றாக இறுக்கிவிடுங்கள்.

கயிறு கட்டும் இரு பிடிமானங்களை இணைப்பதானால், அவற்றுக்குச் செல்லும் கயிறுகளின் இடைக்கோணம் 60 பாகைக்குள் இருக்கும்போது ஒவ்வொன்றும் ஏறக்குறைய 58 விழுக்காட்டுப் பாரத்தையோ அதற்கும் குறைவாகவோ ஏற்கும். 120 பாகையில் ஒவ்வொன்றும் முழுப் பாரத்தையும் சுமக்கும். முகட்டிலும் ஓட்டு விளிம்பிலும் பழைய தீயணைப்புக் குழாயைப் பிளந்து விரியுங்கள். பாரமேறிய கயிறு பக்கவாட்டில் உராய்ந்தால் விரைவில் அறுந்துவிடும். காப்புக்கான இரண்டாம் கயிற்றுக்குத் தனிப் பிடிமானம் வேண்டும். நைலான் உருகுவதற்கு வெகு முன்பே வலுவிழப்பதால், தீ கக்கும் சன்னலுக்கு நேர்மேலே எவரையும் இறக்காதீர்கள்.