எந்த அளவு யூபிஎஸ் வாங்குவது?

கேள்வி: எங்கள் மேசைக்கணினியின் மின்வழங்கியில் 500 வொட் என்று எழுதப்பட்டுள்ளது, தனிக் கிராபிக்ஸ் அட்டை இல்லை. மாரிகாலத்தில் மின்சாரம் நின்றாலும் பிள்ளையின் இணையவழி வகுப்பு இரண்டு மணி நேரம் தடைப்படாதிருக்க 650 வீஏ யூபிஎஸ் போதுமா, 1200 வீஏ வாங்க வேண்டுமா?
– வாசகர், கல்லடி, மட்டக்களப்பு

பதில்: உங்கள் தேவைக்கு இரண்டுமே உதவா. மின்வழங்கியிலுள்ள 500 என்பது அது தரக்கூடிய உச்ச வலுவே. உங்களுடையதைப் போன்ற கணினி, திரை, ரவுட்டர் ஆகிய மூன்றும் வகுப்பு நேரத்தில் ஏறக்குறைய 120 வொட் அளவே எடுக்கும். 650 வீஏ யூபிஎஸ்கள் பெரும்பாலும் 360 அல்லது 390 வொட் வரை தாங்குவதால் சுமை ஒரு பிரச்சினையே அல்ல. பெட்டியில் வீஏ (வோல்ட்டையும் அம்பியரையும் பெருக்கி வரும் அளவு) பெரிதாகவும் வொட் (உண்மையில் தாங்கும் வலு) சிறிதாகவும் அச்சிடப்பட்டிருக்கும். வாங்குபவர் பார்க்க வேண்டியது சிறிய எழுத்தைத்தான்.

சிக்கல் நேரத்தில் இருக்கிறது. 650 வீஏ யூபிஎஸ்ஸுக்குள் வழக்கமாக இருப்பது 12 வோல்ட், 7 அம்பியர்-மணி பற்றரி ஒன்று; கணக்குப்படி 84 வொட்-மணி என்றாலும், வேகமாக வெளியேற்றும்போது அதில் பாதியளவே கைக்குக் கிடைப்பதால், உங்கள் சுமைக்குப் பதினைந்து, இருபது நிமிடங்களுக்கு மேல் எதிர்பார்க்க முடியாது. 1200 வீஏ வகையில் பெரும்பாலும் இரண்டு பற்றரிகள் இருப்பதால் அரை மணி நேரத்தைச் சற்றுத் தாண்டலாம். செய்துகொண்டிருந்த வேலையைச் சேமித்துக் கணினியை முறையாக நிறுத்துவதற்கே இவை உருவாக்கப்பட்டவை.

இரண்டு மணி நேரத்துக்கு 240 வொட்-மணி தேவை. பற்றரி மின்னை வீட்டு மின்னாக மாற்றும்போது ஏற்படும் இழப்பையும், ஈயப் பற்றரியைப் பாதிக்கு மேல் வடியவிடலாகாது என்பதையும் சேர்த்தால் ஏறத்தாழ 600 வொட்-மணி, அதாவது 12 வோல்ட், 50 அம்பியர்-மணி வரும். பற்றரி முதுமையடையும் என்பதால் 100 அம்பியர்-மணி டியூபுலர் பற்றரியுடன் (ஆழமாக வடிவதைத் தாங்கும் ஈயப் பற்றரி வகை) சைன் அலை இன்வேர்ட்டர் (பற்றரி மின்னை வீட்டு மின்சாரம் போன்ற சீரான அலையாக மாற்றும் கருவி) ஒன்றை எடுப்பதே என் பரிந்துரை. மலிவாகக் கிடைக்கிறதென்று வாகனப் பற்றரியைப் பொருத்தாதீர்கள், ஆழமாக வடிவதை அது நெடுநாள் தாங்காது. கணினியையே மாற்றும் எண்ணம் இருந்தால் மடிக்கணினி வாங்குங்கள். அதன் சொந்தப் பற்றரியே வகுப்பை முடித்துவிடும், ரவுட்டருக்கு மட்டும் சிறிய யூபிஎஸ் ஒன்று போதும்.

வெப்பமான கச்சான் காற்று வீசும் மாதங்களில் மூடிய அறையில் பற்றரியை வைக்க வேண்டாம். 25 பாகை செல்சியஸுக்கு மேல் ஒவ்வொரு 10 பாகைக்கும் ஈயப் பற்றரியின் ஆயுள் ஏறக்குறைய பாதியாகிறது. லேசர் அச்சுப்பொறியை எந்த யூபிஎஸ்ஸிலும் இணைக்காதீர்கள். அது சூடேறும்போது இழுக்கும் மின்னோட்டமே யூபிஎஸ்ஸை நிறுத்திவிடும்.