எழுத்து மாறினால் வைரஸ் மாறுமா? ஃப்ளூ மரபணுக் கேள்வி பதில்

இன்ஃப்ளூயன்சா மாதிரிகளைச் சீக்வென்ஸ் செய்வது, அதாவது வைரஸின் மரபணு எழுத்துகளை வரிசையாகப் படிப்பது, என் அன்றாட வேலை. பெருந்தொற்று நேரத்தில் வைரஸின் மரபணு மாற்றங்களை எப்படித் தொடர்ந்து பார்க்கிறார்கள் என்று பலர் கேட்டிருந்தீர்கள். ஒரே மாதிரிக் கேள்விகளைச் சேர்த்துவிட்டேன்.

கவின்: தட்டம்மைக்குச் சின்ன வயதில் போட்ட ஊசி ஆயுள் முழுக்கக் காக்கிறது. ஃப்ளூவுக்கு மட்டும் ஏன் வருடா வருடம்? அதுதான் அதிகம் பிழை விடுமா?

பிழை விடுவதில் தட்டம்மை வைரஸும் சளைத்ததில்லை. இரண்டுமே ஆர்என்ஏ வைரஸ்கள். நகல் எடுத்தபின் திரும்பப் படித்துத் திருத்தும் வழக்கம் இரண்டுக்கும் கிடையாது. பிழையைத் தாங்குவதில்தான் வித்தியாசம். தட்டம்மையின் மேற்புரதத்தில் முக்கியமான இடங்கள் மாறினால் அந்த வைரஸ் பெரும்பாலும் பிழைக்காது. ஃப்ளூவின் மேற்புரதமான ஹீமாக்ளூட்டினின் அப்படியல்ல. அதன் தலைப்பகுதியில் நாலைந்து இடம் மாறினாலும் செல்லில் ஒட்டிக்கொள்ளும். நம் எதிர்ப்புப்பொருளுக்குத்தான் அதை அடையாளம் தெரியாமல் போகும்.

இன்னொன்றும் இருக்கிறது. ஏ வகை ஃப்ளூவின் மரபுத்தொகுதி சுமார் 13,500 எழுத்து, அது எட்டுத் துண்டாக இருக்கிறது. ஒரே செல்லுக்குள் இரண்டு வேறு ஃப்ளூ வைரஸ் புகுந்தால் துண்டுகள் கலந்து, இதிலிருந்து ஐந்து, அதிலிருந்து மூன்று என்று எடுத்துக்கொண்டு புது வைரஸ் வெளியே வரும். சும்மா உதாரணத்துக்குச் சொன்ன எண்கள் அல்ல. 1957 பெருந்தொற்று வைரஸ் அப்படியேதான் வந்தது: ஐந்து துண்டு மனிதரிடம் ஏற்கெனவே சுற்றிய வைரஸுடையது, மூன்று பறவை வைரஸுடையது. 1968இல் பறவையிடமிருந்து வந்தவை இரண்டு.

நிலா: 2009 பன்றிக் காய்ச்சல் பன்றியிலிருந்து வந்தது என்று எதை வைத்துச் சொன்னார்கள், அக்கா?

எட்டுத் துண்டுக்கும் தனித்தனியாக வம்ச மரம் வரைந்து பார்த்தார்கள். ஆறு துண்டுகள் வட அமெரிக்கப் பன்றிகளில் 1990களின் கடைசியிலிருந்து சுற்றிய ஒரு கலப்பு வைரஸோடு சேர்ந்தன. அந்த வைரஸே பறவை, மனிதர், பன்றி என்று மூன்று இடத்துத் துண்டுகளால் ஆனது. மீதி இரண்டும், அதாவது இன்னொரு மேற்புரதமான நியூராமினிடேஸுக்கான துண்டும் எம் என்ற துண்டும், ஐரோப்பிய, ஆசியப் பன்றிகளின் வைரஸ் கிளையில் போய் உட்கார்ந்தன.

எனக்கு இதில் உறுத்துவது வேறு. மரத்தில் ஒவ்வொரு துண்டுக்கும் நெருங்கிய உறவு எங்கே என்று தேடினால், இடையில் ஏறக்குறைய பத்து ஆண்டு நீளத்துக்கு வெற்றுக் கிளை. அத்தனை காலமும் அதன் முன்னோர் எங்கோ பன்றிகளில் சுற்றியிருக்கின்றன, அங்கே யாரும் ஸ்வாப் எடுக்கவில்லை. 2009 ஏப்ரலில் கலிஃபோர்னியாவில் இரண்டு குழந்தைகளின் மாதிரியில் அது கண்ணில் பட்டது. அதற்குச் சில மாதங்கள் முன்பே மனிதருக்குள் வந்துவிட்டது என்று மரபணுக் கடிகாரம் சொன்னது.

ராகவன்: அது என்ன கடிகாரம்? நம்பலாமா?

ஹீமாக்ளூட்டினின் துண்டு சுமார் 1,700 எழுத்து. ஆண்டுக்கு ஆயிரத்துக்கு மூன்று முதல் ஐந்து எழுத்து வரை மாறி நிலைக்கிறது. துண்டு முழுவதற்கும் பார்த்தால் ஆண்டுக்கு ஐந்து முதல் எட்டு. இரண்டு வைரஸுக்கு நடுவே எத்தனை எழுத்து வித்தியாசம் என்று எண்ணினால், பிரிந்து எத்தனை காலம் என்று தோராயமாகக் கிடைக்கும்.

நம்பலாமா என்றால், 1977ஐப் பாருங்கள். அந்த ஆண்டு எச்1என்1 என்ற ஏ வகை ஃப்ளூ திடீரென்று திரும்பி வந்தது. 1957இலேயே மறைந்துபோன வகை அது. இருபது ஆண்டு எங்கோ பரவிக்கொண்டிருந்தால் நூறு எழுத்துக்கு மேல் மாறியிருக்க வேண்டும். வரிசையைப் பார்த்தால் 1950ஐ ஒட்டிய வைரஸ்களோடு கிட்டத்தட்ட அச்சு அசலாகப் பொருந்தியது. கடிகாரம் ஓடவே இல்லை. ஓடாத கடிகாரத்துக்கு ஒரே இடம்தான் தோன்றுகிறது: உறைபெட்டி. ஆய்வுக்கூடத்திலிருந்து தப்பியதா, தடுப்பூசிச் சோதனையில் வெளியே வந்ததா என்று இன்றும் வாதம் நடக்கிறது. இயற்கையாக வந்தது என்று சொல்பவர் அரிது.

செல்வம்: 2009இல் நார்வேயில் ‘கொல்லும் மியூட்டேஷன்’ வந்ததாகப் படித்தேன். என்ன ஆனது?

ஹீமாக்ளூட்டினின் புரதத்தின் அமினோ அமில வரிசையில் 222ஆம் இடம். அஸ்பார்டிக் அமிலம் இருக்க வேண்டிய இடத்தில் கிளைசின், சுருக்கமாக டி222ஜி. 2009 நவம்பரில் நார்வே அறிவித்தது: இறந்துபோன முதல் இரண்டு பேரிடமும், மோசமாக இருந்த இன்னொருவரிடமும் இது இருந்தது. பயப்படக் காரணம் இல்லாமல் இல்லை. இந்த மாற்றம் வந்தால் நுரையீரலின் ஆழத்தில் உள்ள செல்களில் வைரஸ் நன்றாக ஒட்டும். பிறகு வந்த தரவுகளிலும் கடும் நோயாளிகளிடம்தான் இது அதிகம் தென்பட்டது.

ஆனால் ஒருவரிடமிருந்து அடுத்தவருக்கு இது பெரிதாகப் பரவவில்லை. மரத்தில் ஒரே கிளையாகச் சேராமல் அங்கங்கே தனித்தனி நுனிகளில் தோன்றி மறைந்தது. அதாவது, பெரும்பாலும் அந்த நோயாளியின் உடம்புக்குள்ளேயே உண்டானது. மாற்றத்தால் நோய் முற்றியதா, நோய் முற்றி வைரஸ் ஆழத்துக்குப் போனதால் மாற்றம் வந்ததா என்பதை நுனியை மட்டும் பார்த்துச் சொல்ல முடியாது.

இதே இடத்தில் இரண்டு பொறிகள் உண்டு. வைரஸைக் கோழி முட்டையில் வளர்த்தாலும் 222 மாறிவிடும். அதனால் மாதிரி நேரே ஸ்வாபிலிருந்து வந்ததா, முட்டையில் வளர்த்ததா என்று முதலில் கேட்க வேண்டும். அப்புறம், எச்3 வகையின் எண்ணிக்கை முறையில் இதே இடத்துக்கு 225 என்று பெயர். இரண்டு கட்டுரைகளைப் படித்துவிட்டு இரண்டு மியூட்டேஷன் என்று நினைத்தவர்களில் நானும் ஒருத்தி.

தேன்மொழி: மருந்துக்கு அடங்காத ஃப்ளூ, மருந்தை அதிகம் சாப்பிடுவதால்தானே வருகிறது?

பலமுறை ஆமாம். ஒருமுறை இல்லை. 2007–08இல் பழைய பருவகால எச்1என்1இல் நியூராமினிடேஸின் 275ஆம் இடத்தில் ஹிஸ்டிடின் போய் டைரோசின் வந்தது. ஒசெல்டாமிவிர் என்ற ஃப்ளூ மருந்து வேலை செய்யவில்லை. வேடிக்கை என்னவென்றால், அந்த மருந்தைக் குறைவாகவே பயன்படுத்திய நாடுகளிலும் இது பரவியது. சாதாரணமாக இந்த மாற்றம் நியூராமினிடேஸைப் பலவீனமாக்கும். அதற்கு முன்பே வேறு சில இடங்களில் வந்திருந்த மாற்றங்கள் அந்தப் பலவீனத்தை ஈடுகட்டிவிட்டன. ஒரே ஆண்டில் உலகம் முழுக்க அந்த வகைதான். 2009 பெருந்தொற்று வைரஸ் வந்து பழைய எச்1என்1ஐயே துடைத்துவிட்டதால் பிரச்சினை போயிற்று. புது வைரஸ் பெரும்பாலும் ஒசெல்டாமிவிருக்கு அடங்கியது. அமான்டடின் வகை மருந்துகளுக்கு மட்டும் பிறவியிலேயே அடங்காது, எம் துண்டோடு கூடவே வந்த குணம் அது.

பெயர் வேண்டாம்: எனக்கு ஃப்ளூ. என் மாதிரியையும் சீக்வென்ஸ் செய்யச் சொல்லலாமா?

முடிவு வருவதற்குள் காய்ச்சல் போயிருக்கும். மருத்துவர் சொன்ன மருந்தைச் சாப்பிடுங்கள்.

இளங்கோ: ஆய்வகத்தில் என்னென்ன தப்பு நடக்கும்?

எட்டுத் துண்டின் இரு முனைகளிலும் 12, 13 எழுத்துகள் கிட்டத்தட்ட ஒரே மாதிரி இருக்கும். அதைப் பிடித்து ஒரே பிசிஆரில் எட்டையும் பெருக்கலாம். அழகான வித்தை. ஆனால் மாதிரியில் வைரஸ் குறைவாக இருந்தால் சுமார் 2,300 எழுத்துள்ள மூன்று நீளத் துண்டுகள்தான் முதலில் கைவிடும். சின்னத் துண்டுகள் மட்டும் பளிச்சென்று வரும்.

நான் வேலைக்குச் சேர்ந்த புதிதில் இரண்டு நோயாளிகளின் வைரஸ் எழுத்துக்கு எழுத்து ஒன்றாக வந்தது. ஒருவரிடமிருந்து மற்றவருக்குப் பரவியிருக்கிறது என்று உற்சாகமாகக் குறித்து வைத்தேன். மூத்தவர் ஒருவர் மாதிரிகளை வைத்த தட்டின் வரைபடத்தை எடுத்துக் காட்டினார். இரண்டும் பக்கத்துப் பக்கத்துக் குழிகள். வெறும் நீர் வைத்த குழியிலும் அதே வரிசை லேசாக வந்திருந்தது. பைப்பெட் முனையிலிருந்து ஒரு சொட்டு தெறித்திருக்கிறது, அவ்வளவுதான். அன்றைய தட்டு முழுவதையும் திரும்பச் செய்தோம்.

நிலா: ஏ/கலிஃபோர்னியா/7/2009 என்று பெயர் போடுகிறார்களே?

வகை, எடுத்த இடம், ஆய்வக எண், ஆண்டு. விலங்கிடமிருந்து எடுத்தது என்றால் நடுவே விலங்கின் பெயரும் வரும்.

ராகவன்: மரபணுவைப் பார்த்தே தடுப்பூசியை மாற்றிவிடலாமே?

எழுத்து மாறியது என்பது வேறு, எதிர்ப்புப்பொருளுக்கு அது வேறு ஆளாகத் தெரிகிறதா என்பது வேறு. அதைப் பார்க்க ஃபெரெட் என்ற கீரி போன்ற விலங்கின் இரத்த சீரத்தில் (எதிர்ப்புப்பொருள் இருக்கும் இரத்தத்தின் திரவப் பகுதி) வைரஸைச் சோதிப்பார்கள். பிப்ரவரியிலும் செப்டம்பரிலும் உலக சுகாதார நிறுவனம் கூடித் தடுப்பூசிக்கு வைரஸைத் தேர்ந்தெடுக்கும்போது இந்தச் சோதனைகளுக்குப் பெரிய இடம் உண்டு.

அந்தச் சோதனையும் ஏமாற்றும். நீங்கள் கேட்ட கலிஃபோர்னியா வைரஸ், நிலா, 2016–17 வரை தடுப்பூசியில் இருந்தது. ஹீமாக்ளூட்டினினில் 162, 163 இடங்கள் மாறிய வைரஸ்கள் அதற்குள் பெருகிவிட்டன. ஃபெரெட் சீரத்துக்குப் பெரிய வித்தியாசம் தெரியவில்லை. சில வயதுக்காரர்களின் சீரத்துக்குத் தெரிந்தது, ஏனென்றால் அவர்கள் சின்ன வயதில் சந்தித்த ஃப்ளூவின் நினைவு அந்த இடத்தைத்தான் குறிவைத்திருந்தது. ஃபெரெட்டுக்கு அப்படி ஒரு பால்ய நினைவு கிடையாது. 2017இல் ஏ/மிச்சிகன்/45/2015க்கு மாற்றினார்கள்.

கவின்: இப்போது எந்த இடத்தைக் கவனிக்கிறீர்கள்?

பறவைக் காய்ச்சல் வைரஸான எச்5என்1இல், வைரஸ் நகல் எடுக்க உதவும் பிபி2 புரதத்தின் 627. அங்கே குளுட்டாமிக் அமிலம் லைசினாக மாறினால் பாலூட்டியின் செல்லில் வைரஸ் நன்றாகப் பெருகும். 2024இல் அமெரிக்கக் கறவை மாடுகளில் எச்5என்1 பரவியபோது, டெக்சாஸில் தொற்றிய ஒருவரிடம் அந்த லைசின் இருந்தது. மாடுகளில் அதற்குப் பதில் 631ஆம் இடம் மாறியிருந்தது. இரண்டுக்கும் நடுவே என்ன நடந்தது என்று பார்க்க மாட்டு மாதிரிகளைத் தேதிவாரியாக அடுக்க வேண்டும். அங்கேதான் எனக்குக் கோபம் வந்தது. முதலில் வெளியான வரிசைகளில் ஆண்டும் நாடும் மட்டும் இருந்தன. எந்த மாநிலம், எந்த நாள் என்று எதுவும் இல்லை.