பள்ளித் தோழர்களோடு வெளிநாட்டு டூர்: கேள்வி பதில்

சிறு வயதிலிருந்து பழகியவர்கள் சேர்ந்து, டூர் நிறுவனம் மூலமாக வெளிநாடு போவது பற்றி உறுப்பினர்கள் கேட்டவையும் அவற்றுக்கான பதில்களும்.

கேள்வி: வணக்கம் சார். பள்ளித் தோழர்கள் ஒன்பது பேர் கிளம்புகிறோம். யாரும் குடும்பத்தை அழைத்து வரவில்லை. ஒருவருக்கு மட்டும் தனியறைக் கட்டணம் கேட்கிறார்கள். நியாயமா?

பதில்: நியாயம்தான். விளம்பரத்தில் போடும் விலை, இரண்டு பேர் ஓர் அறையில் தங்குவதாக வைத்துப் போட்ட கணக்கு. ஓட்டலில் வாடகை பெரும்பாலும் அறைக்கு, ஆளுக்கு அல்ல. எட்டுப் பேர் நான்கு அறைகளில் அடங்கியதும் ஒன்பதாமவர் தலையில் ஒரு முழு அறை விழுகிறது. அந்தத் தொகையை ஒன்பதால் வகுத்து எல்லோரும் ஏற்றுக்கொண்டு, தனியறையை ஊருக்கு ஊர் மாற்றி எடுத்துக்கொள்ளுங்கள். மூவர் அறை மலிவாகத் தெரியும். பல இடங்களில் அது இருவர் அறையில் கூடுதலாகப் போட்ட மடக்குக் கட்டில்தான். மூன்று பெட்டிகளைத் திறந்து வைத்தால் கால் வைக்க இடம் இருக்காது.

இருவர் அறை என்றால் இரண்டு கட்டில் என்றும் அர்த்தமில்லை. 'தனித்தனிக் கட்டில்' என்று பதிவில் எழுதி வாங்குங்கள். குறட்டை விடுபவர்கள் யார் யார் என்று கூச்சப்படாமல் கேட்டு அவர்களை ஒரே அறையில் போட்டுவிடுங்கள். ஐம்பது வருட நட்பு பத்து ராத்திரிக் குறட்டையைத் தாங்கும் என்று நம்ப வேண்டாம்.

அதே நண்பர்: கடைசி நேரத்தில் ஒருவர் வரவில்லை என்றால்?

பதில்: இரண்டு பேருக்கு நஷ்டம் வரலாம். வராதவருக்கு ரத்துக் கட்டணம். கிளம்பும் நாள் நெருங்க நெருங்க அது ஏறும். அவரோடு அறை பகிர இருந்தவரைத் தனியறைக்காரரோடு சேர்க்க முடியாவிட்டால், அவருக்கும் தனியறைக் கட்டணம் வரலாம். இந்த இரண்டாவதை யார் கொடுப்பது என்பதை முன்பணம் கட்டும் அன்றே பேசி, குழுவின் வாட்ஸ்அப்பில் எழுத்தாகப் போட்டுவிடுங்கள்.

பயணக் காப்பீட்டையும் அன்றே எடுங்கள். பாலிசி எடுத்த பிறகு நடப்பதற்குத்தான் ரத்துப் பணம் கிடைக்கும், அதுவும் உங்களுக்கோ நெருங்கிய உறவினருக்கோ வரும் நோய், மரணம் என்று பாலிசியில் எழுதியிருக்கும் காரணங்களுக்கு மட்டும். நண்பர்கள் குழு மாட்டிக்கொள்ளும் இடம் ஒன்று இதில் உண்டு. 'நெருங்கிய உறவினர்' பட்டியலில் பெரும்பாலும் நண்பன் வரமாட்டான். கூட வரவேண்டியவர் படுத்துவிட்டார் என்று நீங்களும் நின்றுவிட்டால், 'உடன் பயணிப்பவர்' என்பதற்குப் பாலிசி தரும் விளக்கத்தைப் பொறுத்துத்தான் பணம் வரும். அந்தப் பத்தியைப் படிக்காமல் கையெழுத்துப் போடாதீர்கள்.

கேள்வி: விமான டிக்கெட்டை நாங்களே எடுக்கிறோம். எட்டுப் பேருக்குத் தேடினால் ஆளுக்கு விலை கூடுகிறது, ஒருவருக்குத் தேடினால் குறைகிறது. ஏன்?

பதில்: இருக்கைகளைப் பல விலைப் படிகளாகப் பிரித்து விற்கிறார்கள். மலிவான படியில் மூன்று இருக்கைதான் மிச்சம் என்றால், எட்டையும் ஒன்றாகக் கேட்கும்போது எட்டும் கிடைக்கிற மேல்படிக்கு எல்லோரையும் கணினி தூக்கிவிடும். ஒன்று, இரண்டு, மூன்று என்று கூட்டித் தேடுங்கள். விலை குதிக்கும் இடத்தில் பிரித்து எடுங்கள். ஆனால் விமானம் ரத்தானால் ஒவ்வொரு பதிவையும் தனித்தனியாகத்தான் மாற்றுவார்கள், குழு சிதறலாம். அதனால் டூர் தொடங்கும் ஊருக்கு ஒரு நாள் முன்னதாகப் போய்ச் சேருங்கள்.

கேள்வி: பாஸ்போர்ட் இன்னும் ஐந்து மாதம் செல்லும். போதுமா?

பதில்: போகும் நாட்டைப் பொறுத்தது. பல நாடுகள் ஆறு மாதம் கேட்கும். ஷெங்கன் நாடுகளுக்கு (ஒரே விசாவில் சுற்றக்கூடிய ஐரோப்பிய நாடுகள்), அங்கிருந்து வெளியேறும் தேதிக்குப் பிறகு 3 மாதமாவது செல்ல வேண்டும், பாஸ்போர்ட் வழங்கி 10 ஆண்டு தாண்டியிருக்கக் கூடாது. இழுபறியாக இருந்தால் புதுப்பித்துவிடுவதே நல்லது.

விசா தேவைப்படுகிறவர்கள் பாதையையும் பாருங்கள். லண்டன் ஷெங்கனுக்குள் வராது. பாரிஸில் இறங்கி, நடுவில் லண்டன் போய், மறுபடி பாரிஸ் வந்து திரும்பினால் ஒருமுறை நுழைவு ஷெங்கன் விசா லண்டன் கிளம்பும்போதே தீர்ந்துவிடும். பலமுறை நுழைவு விசா கேளுங்கள். விண்ணப்பத்தைப் பயணத்துக்கு 6 மாதம் முன்பிலிருந்து கொடுக்கலாம், 15 நாளுக்கு மேல் தள்ளக் கூடாது. காப்பீடு குறைந்தது 30,000 யூரோவுக்கு இருக்க வேண்டும். குழுவாகக் கொடுத்தாலும் முடிவு ஆளுக்கு ஆள் தனிதான்.

கேள்வி: எங்கள் குழுவில் ஒருவர் எங்கேயும் அரை மணி நேரம் தாமதம். பேருந்தைக் கொஞ்சம் நிறுத்தி வைக்கமாட்டார்களா?

பதில்: ஐரோப்பாவில் ஓட்டுநர் நினைத்தாலும் அதற்கு எல்லை உண்டு. ஒரு நாளில் 9 மணி நேரம்தான் ஓட்டலாம்; வாரத்தில் இரண்டு நாள் மட்டும் 10. நாலரை மணி நேரம் ஓட்டினால் 45 நிமிடம் இடைவேளை. 24 மணி நேரத்துக்குள் வழக்கமாக 11 மணி நேரத் தொடர் ஓய்வு. ஆக, அவர் வேலை தொடங்கியதிலிருந்து 13 மணி நேரத்துக்குள் வண்டியை நிறுத்தியாக வேண்டும். இவையெல்லாம் வண்டியிலுள்ள கருவியில் பதிவாகும். காலையில் போன அரை மணி, மாலையில் பார்க்க வேண்டிய இடத்திலிருந்துதான் கழியும். உங்கள் நண்பருக்கு மட்டும் புறப்படும் நேரத்தை 20 நிமிடம் முன்னதாகச் சொல்லுங்கள். பழைய தந்திரம், இன்றும் வேலை செய்கிறது.

கேள்வி: சில்லறைச் செலவை எப்படிப் பிரிப்பது?

பதில்: முதல் நாளே ஆளுக்குச் சமமாகப் போட்டு ஒருவரிடம் கொடுங்கள். தண்ணீர், கழிப்பறைக் காசு, சேர்ந்து ஏறும் டாக்ஸி, வழிகாட்டிக்கும் ஓட்டுநருக்கும் டிப்ஸ் மட்டும் இதிலிருந்து. மது, ஷாப்பிங் அவரவர் பை. மது குடிக்காதவர் அதற்கும் பங்கு கொடுத்துக்கொண்டே வருவதில்தான் மனக்கசப்பு ஆரம்பிக்கும், வெளியே சொல்லவும் மாட்டார். கார்டு தேய்க்கும்போது உங்கள் நாட்டுப் பணத்திலா, அந்த ஊர்ப் பணத்திலா என்று இயந்திரம் கேட்டால் அந்த ஊர்ப் பணத்தையே தேர்ந்தெடுங்கள். மற்றதில் மாற்று விகிதம் மோசமாக இருக்கும்.

கேள்வி: எல்லோருக்கும் அறுபத்தைந்து தாண்டிவிட்டது. சர்க்கரை, பிபி, முழங்கால் வலி எல்லாம் உண்டு. நடுவில் ஒருவர் ஆஸ்பத்திரியில் சேர்ந்தால்?

பதில்: டூர் நிற்காது, மறுநாள் பேருந்து அடுத்த ஊருக்குப் போய்விடும். யாருக்கு என்றால் யார் கூட இருப்பது என்று கிளம்பும் முன்பே ஜோடி போட்டுக்கொள்ளுங்கள். கூட இருப்பவரின் ஓட்டல் செலவையும் புதுத் திரும்பும் டிக்கெட்டையும் காப்பீடு ஏற்குமா என்று பாருங்கள். அவசரம் இல்லாத நிலையில், சேர்க்கும் முன்பே காப்பீட்டின் உதவி எண்ணுக்குப் பேசிவிட வேண்டும். இருக்கும் நோயைப் படிவத்தில் மறைத்தால் பணம் தர மறுப்பார்கள்.

மருந்து முழுவதும் கைப்பையில். இன்சுலினை சரக்குப் பெட்டியில் போட்டால் உறைந்து கெட்டுவிடலாம். மருந்துச் சீட்டில் கம்பெனிப் பெயரோடு மருந்தின் பொதுப்பெயரும் இருக்கட்டும். முழங்கால்காரர்கள் டூர் விவரத் தாளில் 'உள்ளே சென்று பார்த்தல்', 'வெளியிலிருந்து பார்த்தல்', 'கடந்து செல்லும்போது பார்த்தல்' எது என்று கவனியுங்கள். பல பழைய நகர மையங்களுக்குள் பேருந்து போகாது. எவ்வளவு தூரம் நடை, எத்தனை படி என்று நேராகவே கேளுங்கள்.

கேள்வி: பவர் பேங்க்?

பதில்: கைப்பையில் மட்டும். 100 வாட்-ஹவர் வரை பொதுவாகப் பிரச்சினையில்லை. 20,000 எம்ஏஎச் என்றால் 3.7 வோல்ட்டால் பெருக்கி, ஆயிரத்தால் வகுத்தால் 74 வாட்-ஹவர்.

கேள்வி: பெட்டி வரவில்லை என்றால் என்ன செய்வது?

பதில்: விமான நிலையத்தை விட்டு வெளியே வரும் முன்பே புகார் பதிந்து எண் வாங்குங்கள். விமான நிறுவனங்களின் பொறுப்பு பற்றிய சர்வதேச மாண்ட்ரியல் உடன்படிக்கைப்படி, சேதத்துக்கு 7 நாளுக்குள், தாமதத்துக்குப் பெட்டி கைக்கு வந்த 21 நாளுக்குள் எழுத்தில் கொடுக்க வேண்டும். டூரில் நீங்கள் தினமும் ஊர் மாறுவதால் பெட்டி உங்களைத் துரத்திக்கொண்டே வரும்; தேதிவாரியாக ஓட்டல் முகவரிகளைப் புகாரோடு சேர்த்துக் கொடுங்கள். இரண்டு நாள் உடுப்பு உங்கள் அறைத் தோழர் பெட்டியிலும், அவருடையது உங்கள் பெட்டியிலும் இருக்கட்டும்.