“எங்க மதத்துல இல்ல”

அன்புள்ள சார்,

பெயர் போட வேண்டாம் என்ற வேண்டுகோளோடு எழுதுகிறேன். என்னோடு பதினோரு வருடமாக வேலை பார்க்கும் நண்பர் யெகோவாவின் சாட்சிகள் என்ற கிறிஸ்தவச் சபையைச் சேர்ந்தவர். சமீபத்தில் அவருக்கு இடுப்பு மூட்டு மாற்று ஆபரேஷன். என்ன ஆனாலும் ரத்தம் ஏற்றக் கூடாது என்று எழுதிக் கொடுத்துவிட்டார். முதலில் பார்த்த சர்ஜன், அப்படியென்றால் நான் கை வைக்க மாட்டேன் என்றார். இன்னொருவர் ஒப்புக்கொண்டார். ஒரு மாதம் இரும்புச்சத்து ஊசி போட்டு ஹீமோகுளோபினை ஏற்றிவிட்டு, அப்புறம் செய்தார். நல்லபடியாக முடிந்தது. ஆனால் அந்த ஒரு மாதமும் எனக்குச் சரியான தூக்கமில்லை. சபையிலிருந்து இரண்டு பேர் வந்து டாக்டரிடம் ரொம்பப் பணிவாகப் பேசிவிட்டுப் போனார்கள். அவர்கள் போன பிறகு நண்பரின் மனைவி என்னைத் தனியாகக் கூப்பிட்டு, “அண்ணே, ரத்தம் ஏத்தினா அது யாருக்காவது தெரியவருமா?” என்று கேட்டார். எனக்குப் பதில் தெரியவில்லை.

அதே வாரம் என் அம்மாவிடம் கண் தானப் படிவத்தைக் காட்டினேன். “கண்ணக் குடுத்துட்டா அடுத்த பிறவியில குருடாப் பொறப்பேன், எனக்கு வேண்டாம்ப்பா” என்று சொல்லிவிட்டார். நாங்கள் இந்துக்கள்.

ரத்தம் வாங்காதே என்கிறது ஒரு மதம். கண் கொடுக்காதே என்கிறது இன்னொன்று. உயிரைக் காப்பாற்றும் இடத்தில் எல்லா மதங்களும் குறுக்கே வந்துதான் நிற்குமா? நீங்கள் என்ன நினைக்கிறீர்கள்?

ஒரு வாசகர்

அன்புள்ள நண்பருக்கு,

உங்கள் கோபம் புரிகிறது. ஆனால் ‘எல்லா மதங்களும்’ என்பது கணக்குக்கு நிற்காது. கருவிழி தானத்தைப் போப் 12ஆம் பயஸ் 1956லேயே ஆதரித்துப் பேசினார். 2000இல் ரோமில் நடந்த உறுப்பு மாற்று நிபுணர்கள் மாநாட்டுக்கு இரண்டாம் ஜான் பால் நேரில் வந்து, உறுப்பு தானம் அன்பின் செயல் என்றார். சவூதியின் மூத்த உலமாக்கள் (மார்க்க அறிஞர்கள்) சபை 1982இல் அதை அனுமதித்தது. 1988இல் ஜெத்தாவில் கூடிய இஸ்லாமிய ஃபிக்ஹ் (மார்க்கச் சட்ட) அகாடமி நிபந்தனைகளோடு சரி என்றது. யூதர்களுக்கு உயிர் காப்பது அநேகமாக எல்லாச் சட்டங்களையும் தள்ளிவைக்கும் கடமை. பௌத்தர்கள் பெரும்பான்மையாக வாழும் இலங்கையில் 1961இல் ஹட்சன் சில்வா தொடங்கிய கண் தானச் சங்கம், உலகின் பல நாடுகளுக்குக் கண்களை அனுப்பியிருக்கிறது. மறுப்பவர்களும் உண்டு, அவர்களிடம் வருகிறேன். ஆனால் பட்டியல் போட்டால் ‘சரி’ பக்கம்தான் நீளம்.

அப்படியிருந்தும் ஆஸ்பத்திரி வராந்தாவில் “எங்க மதத்துல இல்ல” என்ற வாக்கியத்தைத் திரும்பத் திரும்பக் கேட்கிறோம். அந்த வாக்கியத்துக்குள் என்ன இருக்கிறது என்பதுதான் எனக்கு முக்கியமாகப் படுகிறது.

உங்கள் நண்பரிடமிருந்து தொடங்குவோம். அவர் காட்டும் பைபிள் வசனங்களில் முக்கியமானவை இரண்டு. ஒன்று லேவியராகமம் 17: மாம்சத்தின் உயிர் இரத்தத்தில் இருக்கிறது, அதைப் புசிக்கக் கூடாது. இன்னொன்று அப்போஸ்தலர் 15: இரத்தத்துக்கு விலகியிருங்கள். இதில் ஒரு வேடிக்கை உண்டு. லேவியராகமம் யாருடைய வேதமோ அந்த யூதர்கள், இறைச்சியை ஊறவைத்து, உப்புத் தடவி, ரத்தத்தை வடித்துவிட்டுத்தான் சமைப்பார்கள். அவ்வளவு கறாரான சட்டம். ஆனால் அதே யூதர் ஆஸ்பத்திரியில் தயங்காமல் ரத்தம் ஏற்றிக்கொள்வார். சாப்பிடுவது வேறு, ஏற்றிக்கொள்வது வேறு என்பது அவர் வாசிப்பு. சாட்சிகளோ, ‘மது கூடாது என்று டாக்டர் சொன்னால் அதை நரம்பில் ஏற்றிக்கொள்வாயா?’ என்று கேட்பார்கள். சாமர்த்தியமான கேள்விதான். ஆனால் நரம்பில் ஏறிய ரத்தம் செரித்து உணவாவதில்லை. கொஞ்ச நாள் ரத்தமாகவே இருந்து வேலை செய்கிறது. ஒருவகையில் அதுவும் உறுப்பு மாற்றுதான்.

உறுப்பு மாற்று பற்றி அந்தச் சபை சொன்னதையும் பாருங்கள். 1967 நவம்பரில் அவர்களுடைய பத்திரிகை, அது மனித மாமிசம் தின்பதற்குச் சமம் என்று எழுதியது. அடுத்த மாதம் 3ஆம் தேதி கேப்டவுனில் கிறிஸ்டியான் பர்னார்ட் முதல் மனித இதய மாற்றைச் செய்தார். 1980இல் அதே பத்திரிகை, இது அவரவர் மனசாட்சிக்கு விட்டது என்று மாற்றிக்கொண்டது. நடுவில் பதின்மூன்று வருடம். வசனத்தில் ஒரு எழுத்தும் மாறவில்லை. அந்தப் பதின்மூன்று வருடத்தில் சிறுநீரகம் வேண்டாம் என்று சொல்லியிருக்கக் கூடியவர்களை அவ்வப்போது நினைத்துக்கொள்வேன். ரத்தத்துக்கான தடையும் 1945இல்தான் வந்தது. மீறினால் சபைநீக்கம் என்பது 1961இல். இன்றைக்குச் சிவப்பணு, வெள்ளையணு, தட்டணு, பிளாஸ்மா நான்கும் கூடாது. அவற்றிலிருந்து பிரித்தெடுக்கும் ஆல்புமின் என்ற புரதம் போன்றவை மனசாட்சியைப் பொறுத்தது. இந்தக் கோட்டை வேதம் போடவில்லை, ஒரு குழு உட்கார்ந்து போட்டது.

இப்போது உங்கள் கடிதத்தில் நீங்கள் போகிற போக்கில் எழுதிவிட்டுப் போன வரிக்கு வருகிறேன். “ரத்தம் ஏத்தினா அது யாருக்காவது தெரியவருமா?” கடவுளுக்குத் தெரியுமா என்று அந்த அம்மா கேட்கவில்லை, கவனித்தீர்களா? சபையை விட்டு விலக்கப்பட்டவர் என்றால், கூட வளர்ந்தவர்களும் பேச்சைக் குறைத்துக்கொள்வார்கள். கல்யாணம், சாவு, ஞாயிற்றுக்கிழமை எல்லாம் அந்தக் கூட்டத்துக்குள்ளேயே இருக்கிற ஒரு குடும்பத்துக்கு அது ஊரையே காலி செய்வது மாதிரி. அவர் கேட்டது இறையியல் கேள்வி இல்லை.

அனுபவமுள்ள டாக்டர்கள் இதனால்தான் ஒன்று செய்வார்கள். உறவினர், சபை மூப்பர் எல்லோரையும் வெளியே அனுப்பிவிட்டு, நோயாளியிடம் தனியாகக் கேட்பார்கள். “நீங்க சொல்றது இந்த ரூமை விட்டு வெளிய போகாது. ரத்தம் இல்லாம உயிர் போகும்னா என்ன செய்யட்டும்?” சிலர் அப்போதும் வேண்டாம் என்பார்கள், அமைதியாக. அது நம்பிக்கை. அதன் முன்னால் எனக்குச் சொல்ல ஒன்றுமில்லை. சிலர் தலையைக் குனிந்துகொண்டு வேறு பதில் சொல்வார்கள். உங்கள் நண்பரிடம் யாராவது தனியாகக் கேட்டார்களா என்று தெரிந்துகொள்ள ஆசை.

அமைதியாக வேண்டாம் என்றவரை வற்புறுத்தலாமா? கனடாவின் ஒன்டாரியோவில் 1979இல் ஒரு விபத்து. நினைவில்லாமல் வந்த பெண்ணின் பையில், எந்த நிலையிலும் எனக்கு ரத்தம் ஏற்றாதீர்கள் என்று கையெழுத்திட்ட அட்டை இருந்தது. நர்ஸ் எடுத்துக் காட்டினார். டாக்டர் பார்த்தார். பார்த்துவிட்டு ரத்தம் ஏற்றினார். அந்தப் பெண் பிழைத்து, வழக்குப் போட்டார். 20,000 டாலர் இழப்பீடு என்று தீர்ப்பு. 1990இல் மேல்முறையீட்டு நீதிமன்றமும் அதை உறுதி செய்தது. அந்த டாக்டரின் இடத்தில் நான் இருந்திருந்தால் நானும் ஏற்றியிருப்பேன். தீர்ப்பும் சரி என்றே நினைக்கிறேன். இரண்டையும் ஒரே வாயால் எப்படிச் சொல்கிறாய் என்று கேட்டால், சொல்கிறேன், அவ்வளவுதான்.

குழந்தை என்றால் கதை வேறு. பெற்றோர் தம்மைத் தியாகியாக்கிக்கொள்ளலாம், பிள்ளையைத் தியாகியாக்கும் உரிமை அவர்களுக்கு இல்லை என்று அமெரிக்க உச்ச நீதிமன்றம் 1944இல் சொன்னது. அந்த வழக்கு தெருவில் பத்திரிகை விற்ற ஒரு சிறுமியைப் பற்றியது, ரத்தத்தைப் பற்றியதே இல்லை. ஆனாலும் குழந்தைக்கு ரத்தம் ஏற்றும் வழக்குகளில் அதைத்தான் எடுத்துப் பேசுகிறார்கள். இதில் எனக்கு இரண்டு யோசனை இல்லை.

ஒன்றைச் சொல்லாமல் விட்டால் நியாயமாகாது. ரத்தம் மறுத்தவர்களால் மருத்துவமும் கொஞ்சம் கற்றுக்கொண்டது. ஹூஸ்டனில் இதய சர்ஜன் டென்டன் கூலியின் குழு, சாட்சிகளுக்கு ரத்தமே ஏற்றாமல் செய்த 542 இதய, ரத்தநாள ஆபரேஷன்களைப் பற்றி 1977இல் அறிக்கை வெளியிட்டது. அதற்கு முன் ஹீமோகுளோபின் 10க்குக் கீழே இறங்கினாலே ஒரு பாட்டில் தொங்கவிடுவது வழக்கம். தீவிர சிகிச்சைப் பிரிவு நோயாளிகளில் பெரும்பாலோருக்கு 7 வரை பொறுத்திருப்பதால் கெடுதல் இல்லை என்று 1999இல் வெளியான ஒரு கனடா ஆய்வு காட்டியது. உங்கள் நண்பர் பிழைத்தது வெறும் அதிர்ஷ்டம் இல்லை. அதேசமயம், பிரசவத்தில் குபுகுபுவென்று போகும் ரத்தத்துக்கு இரும்பு ஊசி பதிலாகாது.

சரி, உறுப்புக்கு வருவோம். இங்கே மதங்கள் உண்மையாகவே தடுமாறும் இடம் ஒன்று இருக்கிறது. கொடுக்கலாமா என்பதில் பெரிய சண்டை இல்லை. எப்போது இறந்தார் என்பதில்தான். இதயம் துடித்தாலும் மூளை மீளமுடியாதபடி நின்றுவிட்டால் அது சாவுதான் என்று, மூளைச்சாவை 1968இல் ஹார்வர்டு பல்கலைக்கழகக் குழு வரையறுத்தது. 1986இல் அம்மானில் கூடிய ஃபிக்ஹ் அகாடமி அதை ஏற்றது. அதே ஆண்டு இஸ்ரேலின் தலைமை ரபீக்கள் (யூத மதகுருக்கள்) சபையும் ஏற்றது. ஆனால் இதயம் துடிக்கும்வரை உயிர் இருக்கிறது என்று சொல்லும் ரபீக்களும், முஃப்திகள் எனும் இஸ்லாமியச் சட்ட அறிஞர்களும் இன்றும் உண்டு. ஜப்பானில் 1968இல் ஒரு சர்ஜன் செய்த இதய மாற்றில், கொடுத்தவர் நிஜமாகவே இறந்திருந்தாரா என்ற சந்தேகம் கிளம்பி, அவர் மேல் குற்றப் புகார் வரை போனது. வழக்கு நடக்கவில்லை. ஆனால் உறுப்பு மாற்றுச் சட்டம் வர 1997 ஆயிற்று.

இதைப் புத்தகத்தில் படித்துத் தெரிந்துகொண்டேன் என்று நினைத்திருந்தேன். ஒருநாள் ஐசியு வாசலில் நின்றபோதுதான் உறைத்தது. நண்பனின் தம்பி, தலையில் அடி. வெண்டிலேட்டரைக் கழற்றி, ஆக்சிஜனை மட்டும் விட்டு, மூச்சு தானாக எழுகிறதா என்று நிமிடக்கணக்கில் பார்த்தார்கள். எழவில்லை. சில மணி நேரம் கழித்து மறுபடியும் பார்த்தார்கள். அப்புறம் கோ-ஆர்டினேட்டர் ஒரு பெண் வந்து, தாழ்ந்த குரலில் உறுப்பு தானத்தைப் பற்றிக் கேட்டார். அப்பா உடனே, “எங்க மதத்துல அதெல்லாம் இல்லம்மா” என்றார். எந்த மதம் என்று எழுதப் போவதில்லை. அவருடைய மதத்தின் பெரியவர்கள் அதைத் தெளிவாக அனுமதித்திருந்தார்கள். எனக்குத் தெரியும். தெரிந்ததைச் சொல்லாமல் இருக்கும் வயதில்லை எனக்கு அப்போது. வருடத்தோடு எடுத்துச் சொன்னேன். அவர் என் கையைப் பிடித்து உள்ளே கூட்டிப்போய், பையனின் நெஞ்சில் வைத்து அழுத்தினார். மெஷின் காற்று ஏறி இறங்குகிறது. அதற்கடியில் துடிப்பு. நெற்றியில் லேசாக வியர்வை.

“சூடா இருக்கானே. எப்படிய்யா?”

என்னிடம் இருந்த தீர்ப்பு, தீர்மானம் எல்லாம் அந்தச் சூட்டுக்கு முன்னால் காகிதம். மதத்தை அவர் சொன்னது, அதற்கு மேல் அந்தப் பெண் கேட்க மாட்டார் என்பதற்காக. நாகரிகமாகக் கதவைச் சாத்த அதைவிட நல்ல வாக்கியம் கிடையாது. ஒரு நாள் அவகாசமும், பக்கத்தில் உட்கார்ந்து இரண்டாம் முறை நிதானமாக விளக்க ஒரு டாக்டரும் கிடைத்திருந்தால் அவர் என்ன சொல்லியிருப்பாரோ. வாயை மூடிக்கொண்டு நானும் பக்கத்தில் உட்கார்ந்திருக்கலாம்.

உங்கள் அம்மா விஷயம் இதைவிட எளிது. கண் தானத்தில் இந்த மூளைச்சாவுக் குழப்பமே இல்லை. இதயம் நின்று, எல்லோரும் அழுது முடித்த பிறகும் சுமார் ஆறு மணி நேரம் இருக்கிறது. எடுத்துப் பொருத்துவது கருவிழியை. அரை மில்லிமீட்டருக்குக் கொஞ்சம் கூடுதலான கனம்தான். இமையை மூடிவிட்டால் முகத்தில் வித்தியாசம் தெரியாது.

ஆனால் இதையெல்லாம் முதலில் சொல்லாதீர்கள். ‘எரித்தால் மட்டும் முழு உடம்பும் இல்லாமலா பிறக்கப் போகிறாய்?’ என்ற பிரபலமான வாதம் ஒன்று உண்டு, அதையும் தவிர்த்துவிடுங்கள். ஜெயிப்பீர்கள், கையெழுத்து கிடைக்காது. கண்ணப்பரைப் பற்றிக் கேளுங்கள். சிவனின் கண்ணில் ரத்தம் வழிகிறது, பச்சிலை பிழிந்தும் நிற்கவில்லை. ‘ஊனுக்கு ஊன்’ என்ற பழைய பேச்சு நினைவுக்கு வந்து, தன் கண்ணை அம்பால் அகழ்ந்து வைக்கிறார், நிற்கிறது. ரத்தம் சொட்டும் முகத்தோடு அந்த மனிதர் சந்தோஷத்தில் குதிக்கிறார். அப்புறம் இன்னொரு கண். அடையாளத்துக்குக் காலைத் தூக்கி வைத்துக்கொள்கிறார். அம்மாவுக்கு இந்தக் கதை உங்களைவிட நன்றாகவே தெரிந்திருக்கும். சொல்லச் சொல்லிக் கேளுங்கள். கேட்டுவிட்டு, கண்ணப்பர் அடுத்த பிறவியில் குருடாகப் பிறந்தாரா என்று மட்டும் கேளுங்கள். “அவரு சாமிக்குக் குடுத்தாரு, நான் யாருக்கோ இல்ல குடுக்கறேன்” என்று பதில் வரலாம். வந்தால் நல்லது. பேச்சு அங்கிருந்து தொடங்கும்.

ஒருவேளை அப்போதும் வேண்டாம் என்றால் விட்டுவிடுங்கள். கண் அவருடையது.

அப்புறம், நண்பரின் மனைவி கேட்டதற்குப் பதில்: நோயாளி சம்மதிக்காமல் அவருடைய மருத்துவ விவரத்தை டாக்டர் வெளியே சொல்லக் கூடாது. சபைக்காரர்களுக்கும் இது பொருந்தும். அந்த அம்மாவிடம் இதை இன்றைக்கே சொல்லிவிடுங்கள். இன்னொரு மூட்டும் தேய்ந்திருக்கக் கூடும்.

அன்புடன்