உளவியல் சிகிச்சை தொடங்கும்போது என்ன எதிர்பார்க்கலாம்?

பயிற்சி பெற்ற ஒருவரோடு, குறித்த நேரத்தில், தொடர்ந்து பேசி மனத்தின் சிக்கலைக் குறைத்துக்கொள்ளும் முறைதான் உளவியல் சிகிச்சை. ஒரு அமர்வு பெரும்பாலும் 45 முதல் 60 நிமிடம் வரை நடக்கும். தொடக்கத்தில் வாரம் ஒருமுறை என்பது வழக்கம்.

முதல் நாள் கேள்விகள் நிறைய வரும். தூக்கம் எப்படி, இது எப்போது ஆரம்பித்தது, உயிரை விட்டுவிடலாம் என்று தோன்றியதுண்டா என்றுகூடக் கேட்பார்கள். பயப்பட வேண்டாம், எல்லோரிடமும் கேட்பதுதான். பேசுவது ரகசியமாக இருக்கும். யாருடைய உயிருக்காவது ஆபத்து என்பதுபோன்ற சில சூழல்கள் மட்டும் விதிவிலக்கு. வாயைத் திறந்ததும் அழுகை வந்தால் அழலாம், அவர்களுக்கு அது புதிதல்ல.

சிலருக்கு முதல் சில வாரங்கள் பாரம் கூடியதுபோல இருக்கும். பீரோவை ஒழுங்குபடுத்தும்போது துணியெல்லாம் கட்டிலில் கிடக்க, அறை முன்பைவிட மோசமாகத் தெரியுமே, அதுபோல. இத்தனை நாள் தொடாமல் ஒதுக்கி வைத்ததை இப்போதுதான் வெளியே எடுக்கிறோம். பல வருடம் பழகிய பயமும் ஒரே நாளில் போகாது. பாதுகாப்பான இடத்தில் திரும்பத் திரும்பப் பார்க்கும்போதுதான் அதன் பிடி தளரும்.

அப்புறம், சிகிச்சை தருபவரோடு மனம் ஒட்டவில்லை என்றால் தயங்காமல் சொல்லுங்கள். அவர்மீது நம்பிக்கை இல்லாமல் எந்த முறையும் சரியாக வேலை செய்யாது. வேறொருவரிடம் மாறுவதிலும் தவறில்லை.

‘போனால் அறிவுரை சொல்லி அனுப்புவார்கள்’ என்று பலர் நினைக்கிறார்கள். அவர்களின் முக்கிய வேலை அதுவல்ல, உங்கள் முடிவை நீங்களே எடுக்கக் கூட இருந்து உதவுவதுதான்.